புது பிரேக் டிஸ்க் வாங்க முன் வீல் ஹப்பைப் பாருங்கள்

கடுகண்ணாவை இறக்கம் இறங்கி வந்ததிலிருந்து பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் நடுங்குகிறது, பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடையில் புது பிரேக் டிஸ்க் வாங்கவா என்று கேட்டிருந்தீர்கள். கொஞ்சம் பொறுங்கள். பெரும்பாலும் டிஸ்க் வளைந்திருக்காது, நன்றாகச் சூடேறிய டிஸ்க்கில் பிரேக் பேட்டின் (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் கட்டை) படிவு திட்டுத்திட்டாக ஒட்டியிருக்கும், இறங்கி முடிந்ததும் பெடலை அழுத்தியபடியே நின்றால் இப்படித்தான் ஆகும்.

முதலில் டிஸ்க்கைக் கழற்றி ஹப் (டிஸ்க்கும் சக்கரமும் பொருந்தும் நடுப்பகுதி) முகத்தில் டிஸ்க்கை நேராக உட்கார விடாத துருவைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டுங்கள் (கொழும்புக் கடற்காற்றுக்கு இது கட்டாயம்), அப்புறம் டயல் கேஜ் (நுண்ணிய அசைவை அளக்கும் கருவி) வைத்து டிஸ்க் சுழலும்போது பக்கவாட்டில் எவ்வளவு ஆடுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள், பொதுவாக 0.05 மில்லிமீட்டரைத் தாண்டினால்தான் கவலை. டிஸ்க்கை லேத்தில் கடைந்து சமப்படுத்துவதென்றால் டிஸ்க்கில் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிப்புக்குக் கீழே போக விடவே வேண்டாம், உயிர் விஷயம். வீல் நட்டையும் டோர்க் ரெஞ்ச்சால் (அளவாக இறுக்க உதவும் ஸ்பேனர்) குறுக்குக் குறுக்காகத்தான் இறுக்க வேண்டும்.