லாக் வரி எங்கே காணாமல் போகிறது? கேள்வி பதில்

சர்வர் லாக், அதாவது புரோகிராம் தான் செய்வதை வரி வரியாகக் குறித்துவைக்கும் பதிவு, பற்றி வந்த கேள்விகளை மொத்தமாக எடுத்துக்கொண்டேன், ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். பெரும்பாலான பதில்களுக்கு அடியில் ஒரே கேள்விதான் இருக்கிறது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த நொடியில் கரண்ட் போனால் அந்த வரி எங்கே கிடக்கும், அதை வாங்கிக்கொண்டதாக யார் உறுதி சொன்னார்கள்?

கேள்வி: அண்ணா, என் புரோகிராம் கிராஷ் ஆகும்போதெல்லாம் லாகில் கடைசிச் சில வரிகள் மட்டும் இல்லை. டெர்மினலில் நேரடியாக ஓட்டினால் எல்லாமே வருகிறது. ஏன்?

தம்பி, பாதி விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. டெர்மினலுக்கு எழுதும்போது சி நூலகம் ஒவ்வொரு வரி முடிந்ததும் தள்ளிவிடும். அதே அவுட்புட்டைப் பைப்புக்கோ ஃபைலுக்கோ திருப்பிவிட்டால் அது தன் வழக்கத்தை மாற்றிக்கொண்டு, பஃபர் (தற்காலிகமாகச் சேர்த்துவைக்கும் மெமரி) நிரம்பும்வரை வைத்திருந்து மொத்தமாக எழுதும். பஃபர் என்றால் பொதுவாக 4096 அல்லது 8192 பைட். உங்கள் லாக் வரி சராசரியாக நூறு பைட் என்று வைத்துக்கொள்ளுங்கள், நாற்பது முதல் எண்பது வரி வரை உங்கள் புரோகிராமின் சொந்த மெமரியிலேயே உட்கார்ந்திருக்கும். அந்த நேரம் பார்த்து செக்மென்டேஷன் ஃபால்ட் (தவறான மெமரி அணுகல்) வந்தாலோ, மெமரி தீர்ந்து கெர்னல் (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையம்) புரோகிராமைக் கொன்றாலோ அந்த வரிகள் புரோகிராமோடு போய்விடும். கிராஷுக்குக் காரணம் சொல்ல வேண்டிய வரிகளும் அவைதான்.

ஸ்டாண்டர்ட் எரர் வழியாக எழுதினால் சியில் இந்தப் பஃபர் கிடையாது. பைத்தானில் பிரிண்ட் போட்டுப் பழகியவர்கள் லாகிங் மாட்யூலுக்கு மாறுங்கள், அதில் ஒவ்வொரு பதிவுக்கும் பிறகு ஃப்ளஷ், அதாவது பஃபரில் உள்ளதை வெளியே தள்ளுவது, நடக்கிறது. வேறு மொழி என்றால், லாக் எழுதும் இடத்தில் வரிக்கு ஒருமுறை ஃப்ளஷ் ஆகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஃப்ளஷ் செய்துவிட்டால் டிஸ்க்குக்குப் போய்விட்டது என்று அர்த்தமா?

இல்லை. ஃப்ளஷ் செய்தால் வரி புரோகிராமிடமிருந்து கெர்னல் மெமரியில் வைத்திருக்கும் பேஜ் கேஷுக்குப் போகும். இனி புரோகிராம் செத்தாலும் வரி பிழைத்துக்கொள்ளும், ஆனால் மெஷினே அணைந்தால் பிழைக்காது. லினக்ஸின் வழக்கமான அமைப்பில் புதிதாக எழுதப்பட்ட பக்கம் டிஸ்க்குக்குப் போகச் சுமார் 30 நொடி ஆகலாம். உடனே போக வேண்டும் என்றால் எஃப்சிங்க் அழைக்க வேண்டும், அது முடிந்து திரும்பும்வரை காத்திருக்கவும் வேண்டும்.

எல்லா வரிக்கும் எஃப்சிங்க் போடலாமா என்று இன்னும் இருவர் கேட்டிருந்தார்கள். போடாதீர்கள். டீபக் (பிழை தேட எழுதும்) வரிக்கெல்லாம் டிஸ்க்குக்காகக் காத்திருந்தால் சர்வர் திணறிவிடும். பணம் கைமாறியது, அனுமதி மாற்றப்பட்டது, ஆவணம் அழிக்கப்பட்டது போன்ற இழக்கக் கூடாத பதிவுகளைத் தனியாகப் பிரித்து, அவற்றுக்கு மட்டும் போடுங்கள். அதையும் ஐம்பது பதிவுக்கு ஒன்று என்று சேர்த்துப் போட்டால் செலவு வெகுவாகக் குறையும். ஆனால் எஃப்சிங்க் முடிந்த பிறகுதான் அந்த ஐம்பது பேருக்கும் ‘பதிவாகிவிட்டது’ என்று பதில் போக வேண்டும். வரிசை மாறினால் செய்ததெல்லாம் வீண்.

கேள்வி: எஃப்சிங்க் எரர் கொடுத்தால் மறுபடியும் அழைத்தால் போதுமா?

போதாது, இது பெரிய பெரிய டேட்டாபேஸையே மாட்டவைத்த விஷயம். லினக்ஸில் எழுதுவது தோற்றுப்போனால், அந்தப் பக்கங்களைக் கெர்னல் ‘சுத்தம்’ என்று குறித்துவிடக் கூடும். இரண்டாவது முறை அழைக்கும்போது எழுத எதுவும் இல்லை என்று வெற்றி சொல்லிவிடும், டேட்டா மட்டும் டிஸ்க்கில் இருக்காது. 2018-ல் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் குழுவினர் இதைப் பெரிதாக விவாதித்தார்கள், அடுத்த ஆண்டு வந்த திருத்தத்தில் எஃப்சிங்க் தோற்றால் சர்வரையே நிறுத்திவிட்டு, முன்கூட்டி எழுதிய பதிவிலிருந்து மீண்டு வரும்படி மாற்றினார்கள். நீங்கள் சொந்தமாக எழுதும் புரோகிராமிலும் அதே மனநிலை வேண்டும். எரர் வந்தால் அந்த ஃபைலை நம்பாதீர்கள், கையில் மிச்சமிருக்கும் பதிவுகளைப் புது ஃபைலில் எழுதுங்கள்.

கேள்வி: சார், எங்கள் ஐம்பது சர்வரும் சிஸ்லாக் என்ற லாக் அனுப்பும் முறை மூலம் ஒரு மையச் சர்வருக்கு லாக் அனுப்புகின்றன. பதில் எதிர்பார்க்காமல் அனுப்பும் யூடிபியிலிருந்து, போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கும் டிசிபிக்கு மாறிவிட்டோம். இனி இழப்பு இல்லை என்று மேலதிகாரிக்கு எழுதிக் கொடுக்கலாமா?

எழுதிக் கொடுக்காதீர்கள், இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சிஸ்லாக் 1980-களில் எரிக் ஆல்மன் சென்ட்மெயில் என்ற மெயில் சர்வருக்காக எழுதியது. வெகுகாலம் கழித்து, 2001-ல்தான் ஆர்எஃப்சி 3164 என்ற இணைய ஆவணம் அன்றைய நடைமுறையை எழுத்தில் கொண்டுவந்தது: யூடிபி, 514-ஆம் போர்ட், ஒரு பாக்கெட் 1024 பைட்டுக்குள். அனுப்பியவருக்கு எந்தப் பதிலும் வராது. வழியில் விழுந்தால் விழுந்ததுதான். வழியிலேயே விழ வேண்டும் என்றுகூட இல்லை, பெறும் மெஷினில் சாக்கெட் பஃபர் நிரம்பியிருந்தால் கெர்னல் வாசலிலேயே பாக்கெட்டைத் தூக்கி எறியும். நெட்ஸ்டாட் கட்டளையில் யூடிபி புள்ளிவிவரத்தைப் பாருங்கள், ‘ரிசீவ் பஃபர் எரர்ஸ்’ என்ற எண் ஏறிக்கொண்டிருந்தால் இழப்பு உங்கள் மையச் சர்வரிலேயே நடக்கிறது.

டிசிபிக்கு மாறியது நல்லதுதான். ஆனால் அனுப்பும் பக்கத்தில் சென்ட் அழைப்பு வெற்றி என்று திரும்பினால், அந்த வரி உங்கள் சொந்தக் கெர்னலின் பஃபருக்குப் போய்ச் சேர்ந்தது என்பது மட்டும்தான் பொருள். எதிர்ப்பக்கச் சர்வர் அந்தக் கணத்தில் விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சிஸ்லாக் புரோகிராம் இன்னும் நூறு இருநூறு வரிகளை நிம்மதியாக எழுதிக்கொண்டே போகும், எல்லாம் வெற்றி. அப்புறம் கனெக்‌ஷன் அறுந்தது என்று தெரியவரும். புதிய கனெக்‌ஷன் திறந்து அடுத்த வரியிலிருந்து தொடரும். நடுவில் பஃபரில் கிடந்தவை எங்கும் இல்லை, எரர் லாகிலும் ஒரு வார்த்தை இருக்காது. மறுமுனையில் கெர்னல் வரை போய்ச் சேர்ந்து, அங்குள்ள புரோகிராம் படிப்பதற்கு முன் அது செத்தாலும் இதே கதிதான், டிசிபியின் ஒப்புதல் வந்திருக்கும், வரி இருக்காது.

எனவே ஒப்புதல் பெறும் புரோகிராமிடமிருந்தே வர வேண்டும். ஆர்சிஸ்லாக் என்ற சிஸ்லாக் புரோகிராமை எழுதிய ரெய்னர் கெர்ஹார்ட்ஸ் இதற்காகத்தான் ரெல்ப் என்ற புரோட்டோகாலைக் கொண்டுவந்தார். அதில் ஒவ்வொரு பதிவுக்கும் எண் உண்டு, ‘வாங்கிக்கொண்டேன்’ என்று பெறுபவர் சொல்லும்வரை அனுப்புபவர் அதைக் கையில் வைத்திருப்பார். கூடவே அனுப்பும் சர்வரில் டிஸ்க் உதவியுள்ள க்யூ (காத்திருப்பு வரிசை) வையுங்கள், மையச் சர்வர் மணிக்கணக்கில் விழுந்து கிடந்தாலும் வரிகள் உள்ளூர் டிஸ்க்கில் காத்திருக்கும். மறுமுயற்சி எண்ணிக்கையை மைனஸ் ஒன்று, அதாவது வரம்பே இல்லை என்று வைக்க மறக்காதீர்கள். க்யூவுக்கு ஃபைல் பெயர் கொடுக்காமல் விட்டால் அது மெமரியில் மட்டும்தான் இருக்கும், நிறையப் பேர் கவனிக்காமல் விடும் இடம் இது.

கேள்வி: ரெல்ப் போட்ட பிறகு ஒரே வரி இரண்டு முறை வருகிறது. பக்-ஆ?

இல்லை, அது வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். நீங்கள் அனுப்பியது போய்ச் சேர்ந்து, ஒப்புதல் திரும்பி வரும் வழியில் கனெக்‌ஷன் அறுந்தால், மறுபடி அனுப்புவதைத் தவிர வேறு வழி இல்லை. இழப்பா, இரட்டிப்பா என்று கேட்டால் இரட்டிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள், அதைப் பிறகு கழிக்கலாம், இழந்ததைக் கொண்டுவர முடியாது. பதிவு உருவாகும் இடத்திலேயே ஒரு தனி அடையாள எண்ணைக் கொடுத்துவிட்டால் மையத்தில் கழிப்பது சுலபம். வழியில் யாராவது எண் கொடுத்தால் பயனில்லை, மறுமுறை வரும்போது வேறு எண்ணோடு வரும்.

கேள்வி: ரீபூட் செய்த பிறகு பழைய ஜர்னல் எதுவுமே இல்லை. ஏன்?

லினக்ஸில் லாக் சேகரிக்கும் ஜர்னல்டியின் சேமிப்பு அமைப்பு ‘ஆட்டோ’ என்றிருந்தால், /var/log என்பதற்குள் ஜர்னல் என்ற டைரக்டரி இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் டிஸ்க்கில் எழுதும், இல்லாவிட்டால் மெமரியில் மட்டும். அமைப்பை ‘பெர்சிஸ்டன்ட்’ என்று மாற்றிவிடுங்கள், தீர்ந்தது. இன்னொன்று, ஒரு சர்வீஸ் 30 நொடியில் 10,000 வரிக்கு மேல் கொட்டினால் ஜர்னல்டி மீதியைத் தடுத்துவிட்டு ‘சப்ரெஸ்டு’ என்று ஒரு வரி போடும் (டிஸ்க்கில் காலி இடம் அதிகமிருந்தால் அந்த வரம்பு உயரும்). ‘நடுவில் லாக் இல்லை’ என்று வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இதுதான் காரணமாக இருக்கும், அந்தச் சொல்லைத் தேடிப் பாருங்கள்.

கேள்வி: பழைய லாக் ஃபைலை ஒதுக்கிவைக்கும் லாக்ரொட்டேட் ஓடும் நள்ளிரவில் மட்டும் சில வரிகள் காணோம்.

காப்பிட்ரங்கேட் போட்டிருக்கிறீர்களா? அது ஃபைலை நகலெடுத்துவிட்டு மூலத்தைப் பூஜ்யமாக்கும். நகல் முடிந்ததற்கும் பூஜ்யமாக்குவதற்கும் நடுவில் எழுதப்பட்ட வரிகள் இரண்டிலும் இருக்காது. அதன் கையேட்டிலேயே இப்படிப் போகலாம் என்று எழுதியிருக்கிறது. பெயரை மாற்றிவிட்டு, ஃபைலை மறுபடி திறக்கும்படி புரோகிராமுக்குச் சிக்னல் அனுப்பும் முறைக்கு மாறுங்கள். சிக்னல் போகாவிட்டால் புரோகிராம் பழைய ஃபைலுக்கே எழுதிக்கொண்டிருக்கும். அதனால்தான் கம்ப்ரஸ் செய்வதை ஒரு சுற்று தள்ளிவைக்கச் சொல்கிறார்கள்.

கேள்வி: ஜாவாவில் லாக்பேக் அசிங்க் அப்பெண்டர் பயன்படுத்துகிறோம். லோடு ஏறும்போது இன்ஃபோ வரிகள் குறைகின்றன. கற்பனையா?

கற்பனை இல்லை, அதன் இயல்பான அமைப்பே அப்படித்தான். அது வரிகளை ஒரு க்யூவில் போட்டுவிட்டுப் பின்னணியில் எழுதும், அந்தக் க்யூவில் 256 இடம்தான். மீதி இடம் 20 சதவீதத்துக்குக் கீழே வந்ததும் டிரேஸ், டீபக், இன்ஃபோ என்ற முக்கியத்துவம் குறைந்த மூன்று வகையையும் சத்தமில்லாமல் கீழே போடும், வார்னும் எரரும் மட்டும் போகும். டிஸ்கார்டிங் த்ரெஷோல்டை (கீழே போடத் தொடங்கும் அந்த வரம்பை) பூஜ்யமாக்கினால் இது நிற்கும், ஆனால் க்யூ முழுதாக நிரம்பினால் உங்கள் ரிக்வெஸ்ட் காத்திருக்க நேரிடும். புரோகிராமைக் கன்டெய்னரில் ஓட்டும் டாக்கரிலும் இதே பேரம்தான், வழக்கமான முறையில் லாக் நின்றால் கன்டெய்னரும் நிற்கும், நான்-பிளாக்கிங் என்று மாற்றினால் பஃபர் நிரம்பியதும் வரிகள் போய்விடும்.

இரண்டில் எது சரி என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொல்ல முடியாது, ஆனால் ஒரே பதிலை எல்லா லாகுக்கும் வைப்பது தவறு என்று உறுதியாகச் சொல்வேன். டீபக் வரிக்காக வாடிக்கையாளரைக் காக்கவைப்பது அநியாயம். யார் எதைச் செய்தார் என்ற தணிக்கைப் பதிவை எழுத முடியாதபோது அந்தக் காரியத்தை அனுமதிப்பதும் அதே அளவு அநியாயம். லினக்ஸின் தணிக்கைப் பதிவு புரோகிராமான ஆடிட்டியில் டிஸ்க் நிரம்பினால் மெஷினையே நிறுத்தும் தேர்வு இருக்கிறது, அதை வைத்தவர்கள் யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: தணிக்கைப் பதிவு என்றால் அதை லாக் ஃபைலில் எழுதுவதா, டேட்டாபேஸிலா?

டேட்டாபேஸில், காரியம் நடக்கும் அதே டிரான்சாக்‌ஷனில். தொகை மாறும் அப்டேட்டும், ‘இன்னார் இதை மாற்றினார்’ என்ற இன்செர்ட்டும் ஒன்றாகக் கமிட் ஆகட்டும். இரண்டும் நடக்கும், அல்லது இரண்டும் நடக்காது. பிறகு ஒரு தனி புரோகிராம் அந்த டேபிளைப் படித்து மையத்துக்கு அனுப்பி, ஒப்புதல் வந்த பிறகு குறித்துக்கொள்ளட்டும். கமிட் முடிந்ததும் லாக் ஃபைலில் ஒரு வரி எழுதுவோம் என்று வைத்தால், அந்த இடைவெளியில் கிராஷ் ஆகும் நாள் ஒன்று வரும்.

கேள்வி: இரண்டு சர்வர் லாகையும் சேர்த்துப் பார்த்தால், பதில் கேள்விக்கு முன்பே வந்ததாகக் காட்டுகிறது.

கடிகாரங்கள் விலகியிருக்கின்றன. கடிகாரங்களை ஒத்திசைக்கும் என்டிபி போடுங்கள், நேரத்தை யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) எழுதுங்கள், ஆண்டும் நொடியின் பின்னமும் நேர மண்டலமும் இருக்கட்டும். பழைய சிஸ்லாக் வடிவத்தில் ஆண்டும் கிடையாது, நேர மண்டலமும் கிடையாது, 2009-ல் வந்த ஆர்எஃப்சி 5424 அதைச் சரிசெய்தது. ஆனாலும் மில்லிநொடி அளவில் வரிசையைத் தீர்மானிக்கக் கடிகாரத்தை நம்பாதீர்கள். ரிக்வெஸ்டோடு கூடவே போகும் ஒரு அடையாளமும், ஒவ்வொரு சர்வரிலும் ஏறிக்கொண்டே போகும் வரிசை எண்ணும் வேண்டும். நிகழ்வுகளை நேரத்தை வைக்காமல் காரண காரியத்தை வைத்து வரிசைப்படுத்தலாம் என்று கணினி அறிவியலாளர் லெஸ்லி லாம்போர்ட் 1978-லேயே காட்டிவிட்டார்.

கேள்வி: உள்ளே நுழைந்தவன் லாகை அழித்துவிட்டால்?

ரூட் (முழு நிர்வாக) அதிகாரம் கிடைத்தவனிடம் அந்த மெஷினிலுள்ள எதையும் காப்பாற்ற முடியாது, சேர்க்க மட்டும் அனுமதிக்கும் அட்ரிபியூட்டையும் அவனே எடுத்துவிடுவான். வரி பிறந்த உடனே வேறு மெஷினுக்குப் போக வேண்டும், அனுப்பும் சர்வருக்கு அங்கே அழிக்கும் உரிமை இருக்கக் கூடாது. ஒவ்வொரு பதிவிலும் முந்தைய பதிவின் ஹாஷை, அதாவது அதன் கைரேகை போன்ற எண்ணைச் சேர்த்தால் நடுவில் ஒன்றை உருவினாலும் சங்கிலி அறுந்தது தெரியும், ஆனால் கடைசி ஹாஷை வெளியே எங்காவது வைத்திருக்க வேண்டும்.

அழிப்பதைவிடப் பொய் வரி நுழைப்பது எளிது. பயனர் பெயர் பெட்டியில் ஒருவன் ‘குமார்’ என்று அடித்து, கூடவே ஒரு புதுவரிக் குறியும், அடுத்து ‘அட்மின் லாகின் வெற்றி’ என்றும் அனுப்பினால், அதை அப்படியே எழுதும் புரோகிராம் உங்கள் லாகில் இரண்டு வரி போடும், இரண்டாவது முழுப் பொய். ஜேசன் (JSON) மாதிரி வடிவத்தில் எழுதினால் புதுவரிக் குறி எஸ்கேப் ஆகிவிடும். வெளியிலிருந்து வரும் எழுத்தை லாகர் பொருள்கொள்ளவே கூடாது. 2021 டிசம்பரில் ஜாவாவின் லாக் நூலகமான லாக்4ஜேயில் வெடித்த ஓட்டை அதனால் வந்ததுதான், லாகில் பதிவான ஒரு சரத்தை அது கட்டளையாக எடுத்துக்கொண்டு வெளியிலிருந்து புரோகிராமை இறக்கி ஓட்டியது.

கேள்வி: பாஸ்வேர்டு லாகில் விழாமல் பார்ப்பது எப்படி?

எதை எழுதலாம் என்று பட்டியல் வையுங்கள், எதை எழுதக் கூடாது என்று வைத்தால் புதிதாக வரும் ஃபீல்டு எப்போதும் தப்பிவிடும். 2018-ல் ட்விட்டர், 2019-ல் ஃபேஸ்புக் இரண்டுமே பாஸ்வேர்டுகள் படிக்கக்கூடிய வடிவில் உள்ளே சேமிக்கப்பட்டிருந்ததாகத் தாங்களே அறிவித்தன.

கேள்வி: கடைசியாக, இழப்பு நடக்கிறதா இல்லையா என்று எப்படித்தான் தெரிந்துகொள்வது?

எண்ணிப் பார்த்துத்தான். ஒவ்வொரு சர்வரும் வரிசை எண் போடட்டும், நிமிடத்துக்கு ஒருமுறை ‘இதுவரை இத்தனை எழுதினேன், இத்தனை கீழே போட்டேன்’ என்று ஒரு வரி அனுப்பட்டும். மையத்தில் அதை வந்த எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். அந்த நிமிட வரியே வரவில்லை என்றால் உடனே மணி அடிக்க வேண்டும், ஏனென்றால் எரர் இல்லாத சர்வரும் லாக் அறுந்த சர்வரும் திரையில் ஒரே மாதிரிதான் தெரியும்.

அதோடு, சோதனைச் சூழலில் வேண்டுமென்றே உடைத்துப் பாருங்கள். லாக் ஓடிக்கொண்டிருக்கும்போது மையச் சர்வரைச் சட்டென்று அணையுங்கள், அனுப்பும் புரோகிராமைக் கில் மைனஸ் 9 போட்டுக் கொல்லுங்கள், டிஸ்க்கை நிரப்புங்கள், பிறகு ஒன்று முதல் லட்சம் வரையான எண்களில் எது இல்லை என்று தேடுங்கள். கில் போட்டால் பேஜ் கேஷ் பிழைத்துக்கொள்ளும் என்பதால் எஃப்சிங்க் சோதனைக்கு அது போதாது, அதற்குக் கரண்டையே பிடுங்க வேண்டும், அல்லது வர்ச்சுவல் மெஷினை வெளியிலிருந்து ‘ரீசெட்’ செய்ய வேண்டும்.