தொண்டர் படையின் மருத்துவப் பிரிவு எதற்கு?

கேள்வி: முழுநேர இராணுவ வைத்தியர்கள் இருக்கும்போது தொண்டர் படைக்கு மருத்துவப் பிரிவு ஏன்?

சமாதான காலத்தில் நூறு சத்திரசிகிச்சை நிபுணர்களைச் சம்பளம் கொடுத்து முகாமில் சும்மா வைத்திருக்க எந்த நாட்டுக்கும் கட்டாது. சண்டை மூண்டால் நூறு பேரும் போதாது. அதனால்தான் வெளியே தொழில் செய்பவர்களைப் பயிற்றி, தேவைப்படும்போது அழைக்கிறார்கள்; அவர்கள்தான் தொண்டர் படை. அப்படி வரும் வைத்தியர் தினமும் சத்திரசிகிச்சை செய்து கைப்பழக்கம் விடாதவர் என்பதும் இலாபம்தானே.

கொழும்பில் இந்த ஏற்பாடு பழையது. 1881இல் தொண்டர் படை தொடங்கியது. 1910இல் அது இலங்கைப் பாதுகாப்புப் படையானது. 1870இலேயே இங்கு மருத்துவக் கல்லூரி இருந்ததால் ஆள் தேட தூரம் போக வேண்டியிருக்கவில்லை. 1949இல் நிரந்தர இராணுவம் வந்த பிறகும் தொண்டர் படை தொடர்ந்தது.

வைத்தியர் மட்டும் போதாது. காயம்பட்டவரிடம் முதலில் போய்ச் சேருபவர் பெரும்பாலும் மருத்துவ உதவியாளர்தான். இரத்தம் பீறிடும் தொடையில் பட்டியை இறுக்கி, கட்டிய நேரத்தை அதிலேயே எழுதிவிடுவார். நேரம் தெரியாவிட்டால் ஆஸ்பத்திரியில் காலைக் காப்பாற்றுவது சிரமம். அப்புறம் ஸ்ட்ரெச்சர். கேட்கச் சின்ன வேலை. சேற்றில் தூக்கிப் பார்த்தால் தெரியும்.

மருத்துவப் பிரிவில் இருப்பவர் ஆயுதம் வைத்திருக்கலாமா என்றும் சிலர் கேட்பார்கள். ஜெனீவா உடன்படிக்கைப்படி தன்னையும் நோயாளியையும் காக்க மட்டும் வைத்திருக்கலாம். எதிரி காயப்பட்டு வந்தாலும் சிகிச்சை உண்டு. யாருக்கு முதலில் என்பதைக் காயம்தான் தீர்மானிக்கும், சீருடை அல்ல.