குழிக்குள் இறங்கும் ஆசை

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். வயது 36. சொந்த ஊர் நொய்யல் கரையோரம். கீழடி செய்திகளைப் படித்த நாளிலிருந்து, ஒரு அகழாய்விலாவது தன்னார்வலராக வேலை செய்துவிட வேண்டும் என்று ஆசை. விடுமுறை போட்டுவிட்டுப் போனால் சேர்த்துக்கொள்வார்களா? என்னைப் போன்றவர்களுக்கு முறையான பயிற்சி, சான்றிதழ் ஏதும் உண்டா? மெட்டல் டிடெக்டர் வாங்கலாமா? எங்கள் ஊர் மேட்டில் கருப்பு சிவப்புப் பானை ஓடுகள் ஏராளம். கீறல் குறியீடு உள்ளவற்றை மட்டும் பொறுக்கி ஒரு பிஸ்கட் டின் நிறையச் சேர்த்து வைத்திருக்கிறேன். படம் இணைத்திருக்கிறேன்.

கே.

அன்புள்ள கே.,

மெட்டல் டிடெக்டர் வேண்டாம். அதைப் பற்றி இதற்கு மேல் பேச எனக்கு விருப்பமில்லை.

சான்றிதழ் எதற்கு என்று புரியவில்லை. மாநிலத் தொல்லியல் துறை நடத்தும் முதுநிலைப் பட்டயப் படிப்பு இருக்கிறது. இரண்டு வருஷம், முழுநேரம். வேலையை விட்டுவிட்டு வருவீர்களா? மாட்டீர்கள். வரவும் வேண்டாம், வீட்டில் திட்டுவார்கள். அகழாய்வில் தன்னார்வலர்களைச் சேர்ப்பது அந்தந்த அகழாய்வின் இயக்குநர் பொறுப்பு. எழுதிக் கேட்டுப் பாருங்கள், சேர்த்தால் போங்கள்.

ஆனால் ஒன்று. கீழடிக்குப் பிறகு ஊருக்கு நாலு பேர் உங்களைப் போலக் கிளம்பியிருக்கிறார்கள். இவர்களைப் பற்றித்தான் சில நாட்களாக யோசித்துக்கொண்டிருந்தேன். நல்ல பிள்ளைகள். ஆனால் எல்லோருக்கும் குழிக்குள் இறங்கத்தான் ஆசை. அங்கே மண்ணைச் சுரண்டுகிறவர்கள் யார்? பெரும்பாலும் அந்தந்த ஊர்க்காரர்கள், தினக்கூலிக்கு வருபவர்கள். சித்திரை வெயிலில் உட்கார்ந்து, சின்னக் கொத்தால் விரல் கனம் விரல் கனமாக இறக்குவார்கள். மண்ணின் நிறம் மாறுவதை நம் கண்ணுக்கு முன்னால் அவர்கள் கை கண்டுபிடித்துவிடும். அவர்கள் வயிற்றுப்பாட்டுக்குச் செய்வதை நீங்கள் பொழுதுபோக்காகச் செய்து, செல்ஃபி எடுத்துப் போடுவதில் என்ன லாபம்? தவிர, தோண்டிய இடம் தோண்டியதுதான். திரும்ப ஒருமுறை தோண்ட முடியாது. தொல்லியலில் அது கடைசி வேலை. அதற்கு முன்னால் தரைக்கு மேலே எவ்வளவோ வேலை கிடக்கிறது, செய்யத்தான் ஆள் இல்லை.

மதுரைக்குப் பக்கத்தில் மாங்குளம் குகையில் இருக்கும் பழந்தமிழ் எழுத்துகளை ராபர்ட் சூவெல் என்ற ஆங்கிலேய அதிகாரி 1882இல் பார்த்தார். அவருக்குப் படிக்க வரவில்லை. பின்னால் வந்தவர்களும் முட்டி மோதினார்கள். 1965இல் ஐராவதம் மகாதேவன் அதில் பாண்டிய மன்னன் நெடுஞ்செழியன் பெயரைப் படித்தார். அவர் ஐ.ஏ.எஸ். அதிகாரி. கல்லூரியில் படித்தது வேதியியலும் சட்டமும். எந்தக் குழியிலும் இறங்கி அவர் அதைக் கண்டுபிடிக்கவில்லை. எண்பத்து மூன்று வருஷம் அந்த எழுத்து அதே பாறையில் அவருக்காக இருந்தது. 1882இலேயே யாராவது ஆசைப்பட்டுப் பெயர்த்து வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தால்?

இப்போது உங்கள் பிஸ்கட் டின்னுக்கு வருகிறேன். கோபம் இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கீறல் உள்ளதை மட்டும் பொறுக்கினேன் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். அதுதான் வினை. உழுத மேட்டில் ஓடு எங்கே அடர்த்தி, எங்கே குறைவு, எந்த ரகம் எந்தப் பக்கம் என்று பார்த்துத்தான் இது குடியிருப்பு, இது இடுகாடு என்று ஊகிக்கிறார்கள். நாளைக்கு ஒரு ஆய்வு மாணவர் உங்கள் மேட்டுக்கு வருவார். குறியீடு உள்ள ஓடு ஒன்றுகூடக் கண்ணில் படாது. அதுதான் உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறதே. 'குறிப்பிடத்தக்க ஓடுகள் இல்லை' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். அப்புறம் அங்கே பிளாட் போட வருகிறவனைத் தடுக்க ஒரு காகிதமும் இருக்காது. உங்கள் ஊரும் கொடுமணலும் ஒரே ஆற்றங்கரை. பதிற்றுப்பத்து கொடுமணம் என்று பாடிய ஊர் அதுதான் என்கிறார்கள். 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கே அகழ்ந்து, மணி செய்த பட்டறைகளையும் இரும்பு உருக்கிய இடங்களையும் காட்டியது. உங்கள் மேட்டில் என்ன இருந்ததென்று இனி யார் சொல்வது? டின்னுக்குள் இருப்பது வெறும் ஓடு. எந்த மேடு, மேட்டின் எந்தப் பக்கம் என்று தெரிந்தால்தான் அது சான்று.

சட்டமும் சொல்லிவிடுகிறேன். 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டப்படி மண்ணுக்குள்ளிருந்து பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது கிடைத்தாலும் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். ஓட்டுக்கு விலை இல்லை என்று வாதாடாதீர்கள்.

பயிற்சி என்று கேட்டீர்கள் இல்லையா? எனக்குக் கிடைத்தது புதுக்கோட்டைப் பக்கம், ஓய்வு பெற்ற ஒரு தமிழாசிரியரிடம். கோடையில்தான் கிளம்புவார். கண்மாய் வற்றினால்தான், மடையில் நிற்கும் கல் தூணான குமிழித் தூண் அடிவரை தெரியும், அதில் எழுத்து இருக்கும். முதலில் தண்ணீர் ஊற்றித் தேங்காய் நார் பிரஷ்ஷால் பாசியைப் போக்குவார். நனைத்த தாளைக் கல்லில் ஒட்டி இன்னொரு பிரஷ்ஷால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளத்துக்குள் தாளை இறக்குவார். பாதி காய்ந்ததும், துணிக்குள் பஞ்சு வைத்துக் கட்டிய உருண்டையில் மை தொட்டு ஒற்றுவார். தாள் கறுக்கும், எழுத்து வெள்ளையாக நிற்கும். காற்று அடித்தால் தாள் கிழியும், திரும்ப முதலிலிருந்து. அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது ஒரே விஷயத்துக்கு: எழுத்து தெரியவேண்டும் என்று கல்லில் சாக்பீஸ் தேய்ப்பவர்களைக் கண்டால். "டார்ச்சைப் பக்கவாட்டில் அடிடா, எழுத்து தானா எழுந்து வரும்" என்பார். மடை கட்டியவன் பெயரைப் படித்ததும் பக்கத்தில் மாடு மேய்ப்பவரைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டுவார். அவர் படியெடுத்தவற்றில் எதையும் அந்த இடத்தை விட்டு நகர்த்தியதில்லை.

அப்படிப்பட்டவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தமிழகத் தொல்லியல் கழகத்தின் 'ஆவணம்' இதழைப் புரட்டுங்கள், துறைக்கு வெளியே உள்ளவர்கள் கண்டெடுத்த கல்வெட்டுகளும் அதில் வருகின்றன. திருப்புல்லாணி அரசுப் பள்ளியில் தொன்மைப் பாதுகாப்பு மன்றம் வைத்துப் பிள்ளைகள் கல்வெட்டுப் படிக்கிறார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு முடிவது கணக்குப் பிரிவுக்காரருக்கு முடியாதா?

வருகிற ஞாயிற்றுக்கிழமை இதைச் செய்யுங்கள். எந்த ஓடு எங்கே எடுத்தது என்று ஞாபகம் இருப்பதை எல்லாம் எழுதுங்கள், இல்லாததை இல்லை என்றே எழுதுங்கள். மேட்டுக்குப் போய் போனில் இடக்குறியைப் பதிந்து, பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். தொட வேண்டாம். அப்புறம் டின்னைத் தூக்கிக்கொண்டு ஈரோடு அரசு அருங்காட்சியகத்துக்குப் போய்க் காப்பாட்சியரைப் பாருங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். ஓடுகளின் படம் இனி அனுப்ப வேண்டாம், மேட்டின் படம் அனுப்புங்கள்.