செவலைக்கும் செவலைக்கும் கறுப்புப் பிடரிக் குட்டியா?

கேள்வி: கோபிசெட்டிபாளையம் பக்கம் தென்னை விவசாயம் செய்கிறேன். ஆசைக்காக இரண்டு மார்வாரிப் பெட்டைக் குதிரைகள் வளர்க்கிறேன், இரண்டும் செவலை. ராஜஸ்தானில் உள்ள ஒரு பண்ணையிலிருந்து, பரிசு வாங்கிய செவலைப் பொலிகுதிரையுடையது என்று சொல்லி, 16 உறைவிந்துக் குச்சிகளை ரூ.80,000 கொடுத்து வாங்கினேன். எங்கள் ஊரில் மாடுகளுக்குச் சினை ஊசி போடுபவர், முதல் குதிரைக்கு முறைக்கு 2 குச்சி வீதம் இரண்டு முறை போட்டார், சினை நிற்கவில்லை. இரண்டாவது குதிரைக்குக் கால்நடை மருத்துவர் ஸ்கேன் பார்த்து 8 குச்சிகளைச் செலுத்தினார். குட்டி பிறந்து ஐந்து மாதம் ஆகிறது. பிறந்த முடி உதிர்ந்து புதுமுடி வந்ததும் பார்த்தால் பிடரி, வால், முழங்காலுக்குக் கீழே எல்லாம் கறுப்பு. பண்ணையில் கேட்டால், ‘சினைக்கு உத்தரவாதம் இல்லை என்று ரசீதில் இருக்கிறது, வழக்கு என்றால் ஜோத்பூரில் போடுங்கள்’ என்கிறார்கள். குதிரைக்குச் சினை ஊசி போடுவதே தடை என்று நண்பர் வேறு பயமுறுத்துகிறார். பணம் திரும்பக் கிடைக்குமா? 4 குச்சிகள் மீதம் இருக்கின்றன.

பதில்: உங்கள் கடிதத்தில் கடைசி வரியைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். அந்த 4 குச்சிகள்தான் உங்கள் வழக்கு. அவை யாருடைய கொள்கலனில் இருக்கின்றன, அதில் திரவ நைட்ரஜன் எவ்வளவு இருக்கிறது என்பதை இன்றே பாருங்கள். ரசீதைப் பற்றி அப்புறம் பேசலாம்.

முதலில் நண்பரின் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். அவர் சொல்வது பந்தயக் குதிரைகளைப் பற்றியது. தரோபிரெட் இனத்தில், பொலிகுதிரை நேரடியாகச் சேர்ந்து பிறந்த குட்டியைத்தான் பதிவேட்டில் ஏற்பார்கள். நம் நாட்டில் அந்தப் பதிவேட்டை வைத்திருப்பது புனேயில் உள்ள ஸ்டட் புக் அமைப்பு. ஆஸ்திரேலியாவில் ஒருவர் இந்த விதியை எதிர்த்து வழக்குத் தொடர்ந்து, 2012இல் அங்குள்ள ஃபெடரல் நீதிமன்றத்தில் தோற்றுப்போனார். ஆனால் அது ஓர் இனத்தின் பதிவேட்டு விதியே தவிர, நாட்டின் சட்டம் அல்ல. மார்வாரிக்குச் சினை ஊசி போட்டது குற்றம் ஆகாது.

அடுத்து முதல் குதிரை. அதற்காகப் பண்ணையிடம் பணம் கேட்காதீர்கள். மாட்டுக்கு ஒரு குச்சி போதும். குதிரைக்கு அரை மில்லி குச்சிகள் பொதுவாக எட்டு சேர்ந்தால்தான் ஒரு முறைக்கான அளவு. உறைநிலையிலிருந்து எடுத்த விந்து குதிரையின் கருப்பைக்குள் ஏறக்குறைய அரை நாள்தான் தாக்குப்பிடிக்கும் என்பதால், சினைமுட்டை வெளியேறும் நேரத்தை ஸ்கேனில் விடாமல் பார்த்துச் செலுத்த வேண்டும். காலையில் பருவம் கண்டால் மாலையில் ஊசி என்ற மாட்டுக் கணக்கு இங்கே செல்லாது. செலுத்தும் முறையும் வேறு: மாட்டுக்கு ஆசனவாய் வழியாகக் கையை விட்டுக் கருப்பைக் கழுத்தைப் பிடித்துக்கொள்வார்கள், குதிரைக்குப் பிறப்புறுப்பு வழியாகவே கையைச் செலுத்தி விரலால் குழாயை வழிநடத்துவார்கள். இவ்வளவும் எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு ஒரே குறுக்கு விசாரணையில் கிடைத்துவிடும். போதாக்குறைக்கு, 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டத்தின் 30ஆவது பிரிவு, பதிவு பெற்ற மருத்துவர்தான் சிகிச்சை செய்யலாம் என்கிறது. மாநில அரசு அனுமதித்த சிறு பணிகளை மற்றவர்கள் அவருடைய மேற்பார்வையில் செய்யலாம். உங்கள் ஊர்க்காரர் நல்லவராகவே இருக்கலாம். அவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினால் உங்களுக்குத்தான் நட்டம். முதல் குதிரைக்குப் போட்ட 4 குச்சிகளின் கணக்கை விட்டுவிடுங்கள்.

இனி குட்டிக்கு வருவோம். குதிரையின் மயிரில் கறுப்பு நிறமி உண்டாக ஒரு மரபணு வேண்டும். அது இல்லாததால்தான் ஒரு குதிரை செவலையாகப் பிறக்கிறது. தாயிடமும் இல்லாத, தகப்பனிடமும் இல்லாத ஒன்று குட்டிக்கு எங்கிருந்து வரும்? ஆக, அவர்கள் காட்டிய குதிரை உண்மையிலேயே செவலை என்றால் அது இந்தக் குட்டியின் தகப்பன் அல்ல. பிறந்தபோது இது உங்கள் கண்ணில் படாததிலும் வியப்பில்லை. இப்படிப்பட்ட குட்டிகள் பல, பிறக்கும்போது வெளிறிய கால்களோடுதான் இருக்கும். மூன்று நான்கு மாதத்தில் முடி மாறும்போதுதான் கறுப்பு வெளியே வரும். எந்த வாரத்தில் கவனித்தீர்கள் என்பதைப் புகைப்படத்தோடு குறித்து வையுங்கள். காலக்கெடுவைக் கணக்கிடும்போது அந்தத் தேதி தேவைப்படும்.

நிறம் சந்தேகத்தைத்தான் கிளப்பும். தீர்ப்பு வாங்க மரபணுச் சோதனை வேண்டும். பண்ணைக்காரர் என்ன சொல்லுவார் என்று இப்போதே எழுதித் தருகிறேன்: ‘நாங்கள் சரியான குச்சியைத்தான் அனுப்பினோம். இவர் தோப்பில் வேறு ஆண் குதிரை புகுந்திருக்கும், அல்லது மருத்துவர் குச்சியை மாற்றிவிட்டார்.’ இந்த வாதத்தை உடைக்கத்தான் மீதக் குச்சிகள். மீதக் குச்சியில் இருப்பதும் குட்டியின் தகப்பன் வழி மரபணுவும் ஒத்துப்போய், அவர்கள் காட்டிய குதிரையோடு ஒத்துப்போகாவிட்டால், தவறு பண்ணையில் நடந்திருக்கிறது. குச்சி அந்தக் குதிரையுடையதாகவே இருந்து குட்டி மட்டும் வேறாக இருந்தால், தவறு உங்கள் பக்கத்தில். அப்படி வந்தால் வழக்கு வேண்டாம். உங்கள் தோப்பிலோ பக்கத்துத் தோட்டத்திலோ அந்த மாதத்தில் ஆண் குதிரை இருந்ததா என்பதை எனக்குச் சொல்லாமல் விட்டிருக்கிறீர்கள். உங்கள் வழக்கறிஞரிடமாவது மறைக்காதீர்கள்.

குச்சியின் மேல் அச்சிட்டிருக்கும் எழுத்துகளைப் படம் எடுங்கள்: குதிரையின் பெயர் அல்லது எண், உறையவைத்த தேதி. ஆனால் அதற்காகக் குச்சியை வெளியே எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டாம். மைனஸ் 196 டிகிரியில் இருக்கும் பொருள் அது. சில நொடிகளில் கெட்டுவிடும். மருத்துவரைக் கொண்டு கொள்கலனின் கழுத்துக்குள்ளேயே தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். விந்து செத்தாலும் மரபணு அழிந்துவிடாது, எனவே யாருடையது என்ற கேள்விக்கு அப்போதும் பதில் கிடைக்கும். எதிர்த்தரப்புக்கு ‘சீல் உடைந்தது, கைமாறியது’ என்று பேச இடம் கொடுக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்த எச்சரிக்கை. குட்டி, தாய் இரண்டின் பிடரியிலிருந்தும் வேரோடு 20, 30 மயிர்களை மருத்துவர் முன்னிலையில் பிடுங்கித் தனித்தனிக் காகித உறையில் போட்டு, ஒட்டி, கையெழுத்து வாங்குங்கள். நான்கு குச்சிகளையும் ஒரே ஆய்வகத்துக்கு அனுப்பிவிடாதீர்கள். இரண்டை நுகர்வோர் ஆணையத்துக்காக வைத்திருங்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 38ஆவது பிரிவின்படி ஆணையமே மாதிரியை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பலாம்.

மருத்துவரிடமிருந்து சிகிச்சைக் குறிப்பின் நகலையும் வாங்குங்கள். எத்தனை குச்சி, எந்த எண், 37 டிகிரி நீரில் எத்தனை நொடி வைத்தார், நுண்ணோக்கியில் அசைவு எப்படி இருந்தது என்று எழுதியிருந்தால் அவரே உங்களுக்குச் சிறந்த சாட்சி.

ரசீதில் உள்ள ‘சினைக்கு உத்தரவாதம் இல்லை’ என்ற வரி உங்களைத் தடுக்காது. சினை நின்றதா என்பதல்ல இங்கே கேள்வி, சொன்ன பொருளைக் கொடுத்தார்களா என்பதுதான். ஆடுதுறை 36 என்று சீட்டு ஒட்டி வேறு விதைநெல்லைக் கொடுத்தவர், முளைப்புக்கு உத்தரவாதம் இல்லை என்று கையை விரிக்க முடியுமா? விவரித்துச் சொல்லி விற்ற பொருள் அந்த விவரத்தோடு பொருந்த வேண்டும் என்பது 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 15ஆவது பிரிவு. பொருளில் பெரும்பகுதியைப் பயன்படுத்திவிட்டதால் ஒப்பந்தத்தையே உதறிவிட்டு முழு விலையைக் கேட்கும் கட்டம் தாண்டிவிட்டது. இனி கேட்கக்கூடியது இழப்பீடு.

ஜோத்பூர் விஷயம் கொஞ்சம் சிக்கலானது. உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போனால் அந்த வரிக்குப் பலம் உண்டு. 1989இல் உச்ச நீதிமன்றம், குஜராத்தின் கைரா நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டது என்று எழுதியிருந்த ஒப்பந்தத்தில், ‘மட்டும்’ போன்ற சொல் இல்லை என்பதால் சேலத்து வணிகருக்குச் சேலத்திலேயே வழக்கு நடத்த வழிவிட்டது. ஆனால் 2013இல் ஸ்வஸ்திக் கேஸஸ் வழக்கில், அந்தச் சொல் இல்லாவிட்டாலும் எண்ணம் அதுதான் என்று கொள்ளலாம் என்றது. நுகர்வோர் ஆணையத்தில் இந்தத் தொல்லை இல்லை. புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே, அதாவது ஈரோட்டிலேயே, புகார் கொடுக்க 34ஆவது பிரிவு இடம் தருகிறது. நீங்கள் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணமும் கிடையாது. காலக்கெடு இரண்டு ஆண்டு. முடி மாறிய நாளிலிருந்து என்று வாதிடலாம்தான், ஆனாலும் குட்டி பிறந்த நாளிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள்.

ஆனால் நீங்கள் நுகர்வோர்தானா? வணிக நோக்கத்துக்கு வாங்கியவரை இந்தச் சட்டம் வெளியே தள்ளிவிடும். ‘ஆசைக்காக’ என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது. ஆனால் பேரம் பேசும்போது ‘குட்டியை ஆடி மாதம் அந்தியூர் சந்தையில் நல்ல விலைக்கு விடலாம்’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் அதை அவர்கள் முதல் ஆவணமாகத் தாக்கல் செய்வார்கள். 1995இன் லக்ஷ்மி இன்ஜினியரிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஆட்டோ வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர்தான் என்று விளக்கியது. அதைவிடப் பெரிய வியாபாரம் என்றால் கடினம். இதுவரை எத்தனை குட்டிகளை விற்றிருக்கிறீர்கள் என்று உண்மையைச் சொல்லுங்கள். ஒன்றிரண்டு என்றால் பயமில்லை. ஆண்டுதோறும் விற்பவர் என்றால் ஆணையத்தை நம்பி இருக்காமல், மூன்று ஆண்டுக் கெடுவுக்குள் உரிமையியல் வழக்குக்குத் தயாராகுங்கள்.

எவ்வளவு கேட்கலாம்? 16 குச்சிகளுக்கு ரூ.80,000 என்றால் குச்சிக்கு ரூ.5,000. மருத்துவர் பயன்படுத்திய எட்டும் மீதமுள்ள நான்கும் சேர்ந்து ரூ.60,000. அதோடு போக்குவரத்து, நைட்ரஜன், மருத்துவர் கட்டணம். சொன்ன தகப்பனுக்குப் பிறந்திருந்தால் குட்டிக்கு இருந்திருக்கும் விலைக்கும் இப்போதைய விலைக்கும் உள்ள வேறுபாடு. கடைசியாகச் சொன்னதை நிரூபிக்க, அந்தப் பொலிகுதிரையின் குட்டிகள் உண்மையில் விலைபோன ரசீதுகள் வேண்டும். ‘பத்து லட்சம் போயிருக்கும்’ என்ற சந்தைப் பேச்சைக் கேட்டு எந்த ஆணையமும் பத்து ரூபாய்கூடத் தராது.

காவல்துறைக்கு இப்போது போக வேண்டாம். பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 318ஆவது பிரிவின் கீழ் மோசடி என்றால், விற்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்ததாகக் காட்ட வேண்டும். குச்சி வேறு குதிரையுடையது என்று சோதனையில் வந்த பிறகு அதைப் பற்றி யோசிக்கலாம்.

இந்த வாரமே விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) 15 நாள் அவகாசத்தோடு அறிவிப்பு அனுப்புங்கள். அதில் பணத்தோடு இன்னொன்றையும் கேளுங்கள்: அந்தப் பொலிகுதிரையின் பிடரி மயிரை, இரு தரப்பும் ஏற்கும் மருத்துவர் ஒருவர் முன்னிலையில் எடுத்துத் தர வேண்டும். கொடுத்தால் சோதனை முழுமை பெறும். மறுத்தால், கையில் இருக்கும் சான்றைத் தராதவருக்கு அது பாதகமானதாகவே இருக்கும் என்று ஊகிக்க நீதிமன்றத்துக்கு இடம் உண்டு. அவர்கள் அனுப்பிய குதிரையின் வீடியோ உள்ள பழைய கைப்பேசியை, திரை உடைந்திருந்தாலும், மாற்றிவிடாதீர்கள். மின்னணுச் சான்றுக்குரிய, பாரதிய சாக்ஷ்ய அதிநியம் என்ற சான்றுச் சட்டத்தின் 63ஆவது பிரிவுச் சான்றிதழை அந்தக் கருவியை வைத்துத்தான் தர வேண்டியிருக்கும்.