கேள்வி பதில்: கல்லாய் இறுகிய நிலவுப் படம்

கே: பிரெஞ்சு இயக்குநர் ஜார்ஜ் மெலியேஸ் எடுத்த நிலவுப் பயணப் படத்தை இணையத்தில் கலரில் பார்த்தேன். 1902-ல் ஏது கலர்? கணினியில் பூசியதுதானே? (வாசகர், தஞ்சாவூர்)

ப: பாதி சரி. அன்று கையால் பூசினார்கள். பாரிஸில் எலிசபெத் துயிலியே நடத்திய பட்டறையில் இருநூறுக்கும் மேற்பட்ட பெண்களுக்கு இதுதான் வேலை. ஆளுக்கு ஒரே நிறம். தன் நிறத்தை முடித்ததும் சுருளை அடுத்தவரிடம் தள்ளிவிட வேண்டும். அனிலின் சாயத்தில் ஒளி ஊடுருவும் என்பதால் அடியில் உள்ள படம் மறையாது. சுருளில் உள்ள ஒவ்வொரு தனிப்படமும், அதாவது பிரேம், தபால்தலை அளவுதான். தூரிகை இம்மி பிசகினாலும் திரையில் சட்டையின் சிவப்பு சட்டையை விட்டு வெளியே வந்து ஆடும். அந்த ஆட்டம்தான் கைவேலைக்கு அடையாளம். எனக்கு அது குறையாகவே படவில்லை. கணினி வேலை எங்கே வந்தது என்பது அடுத்த பதிலில்.

கே: அந்தக் கலர் சுருள் கல்போல் இறுகிக் கிடந்ததாமே. எப்படிப் பிரித்தார்கள்? (வாசகி, நாகர்கோவில்)

ப: 1993-ல் பார்சிலோனாவில் உள்ள கத்தலோனியத் திரைப்படக் காப்பகத்துக்கு வந்து சேர்ந்த பிரதி அது. 1999-ல் பழைய படங்களை மீட்கும் பாரிஸ் நிறுவனமான லோப்ஸ்டர் ஃபிலிம்ஸ் வேறொரு பழைய படத்தைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டது.

அந்தக் காலத்துச் சுருள் நைட்ரேட் ஃபிலிம், எளிதில் தீப்பற்றும் வகை. அது தன்னைத்தானே அரித்துக்கொள்ளும். அது சிதையும்போது வரும் நைட்ரஜன் ஆக்சைடு வாயு, ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகும்; அமிலம் சிதைவை இன்னும் வேகப்படுத்தும். முதலில் படம் மங்கும், பிறகு படம் பதிந்திருக்கும் ஜெலட்டின் பூச்சு பிசுபிசுக்கும், சுற்றுகள் ஒட்டிக் கட்டியாகும், கடைசியில் பழுப்புத் தூள்தான் மிச்சம். இந்தச் சுருள் கட்டியாகும் கட்டத்தில் இருந்தது. நல்லவேளை, ஒட்டியிருந்தது பெரும்பாலும் ஓரங்கள்தான்; நடுவில் படம் பிழைத்திருந்தது. பிரிய மறுத்த பகுதிகளை மூடிய கலத்தில் ரசாயன ஆவியில் வைத்து இளக்கினார்கள். இதில் ஒரு வினை உண்டு: இளகிய ஃபிலிம் அதன்பின் இன்னும் சீக்கிரம் அழியும். ஆகவே பிரிந்த துண்டுகளை உடனுக்குடன் டிஜிட்டல் கேமராவில் படம் எடுத்தாக வேண்டும்.

இப்படிச் சேர்ந்த உடைசல்களை 2010-ல் லாஸ் ஏஞ்சலிஸில் டெக்னிகலர் நிறுவனம் கணினியில் பொருத்தியது. காணாமல்போன பிரேம்களைக் கருப்பு வெள்ளைப் பிரதியிலிருந்து எடுத்து, பக்கத்துப் பிரேமின் நிறத்தைப் பார்த்துப் பூசினார்கள். கணினிப் பூச்சு இதுதான். 2011 மே மாதம் பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில் திரையிட்டார்கள்.

கே: இதே படம் ஒரு தளத்தில் 9 நிமிடம், இன்னொன்றில் 16 நிமிடம். எது வெட்டியது? (வாசகர், கோவை)

ப: வெட்டாமலே இவ்வளவு வித்தியாசம் வரும். மொத்தம் 13,375 பிரேம். நொடிக்கு 14 என்று ஓட்டினால் ஏறக்குறைய 16 நிமிடம். பிற்காலத்து 24-ல் ஓட்டினால் 9 நிமிடத்தைச் சற்றே தாண்டும். ஆட்கள் தாவித் தாவி நடந்தால் வேகம் தப்பு.

கே: தாத்தாவின் பெட்டியில் 8 எம்.எம். சுருள்கள் இருக்கின்றன. புளித்த வாடை வருகிறது. தீப்பிடிக்குமா? (வாசகி, மதுரை)

ப: பயம் வேண்டாம். அது அசிடேட், அதாவது நைட்ரேட் போல எளிதில் தீப்பற்றாத ஃபிலிம்; வினிகர் வாடை அதன் சிதைவால் வருவது. நைட்ரேட் அபாயமெல்லாம் பழைய 35 எம்.எம். சுருளில்தான். வாடை வரும் சுருளை மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள், அந்த ஆவி நல்ல சுருளையும் கெடுக்கும். காற்றுப் புகாத டப்பா கூடாது. சுருங்கிய ஃபிலிமைப் புரொஜெக்டரில் ஓட்டினால், பற்சக்கரம் மாட்டும் ஓரத்துப் பல்துளை கிழியும்; நேராக ஸ்கேனுக்குக் கொடுங்கள்.