கதிர்வீச்சு சிகிச்சைப் பிரிவு: உங்கள் கேள்விகளுக்கு ஒரு மருத்துவ இயற்பியலாளரின் பதில்கள்

கே: அம்மாவுக்கு 25 நாள் கரண்ட் வைக்கணும்னு சொல்லியிருக்காங்க. வீட்டில் சின்னக் குழந்தை இருக்கு. பக்கத்தில் விடலாமா?

ப: தாராளமாக விடுங்கள். மெஷினை நிறுத்தியதும் கதிரும் நின்றுவிடும், அம்மா உடம்பில் எதுவும் தங்காது. தைராய்டுக்குக் கதிரியக்க அயோடின் குடித்தவர்கள்தான் சில நாள் ஒதுங்கியிருக்க வேண்டும்.

கே: அப்பாவுக்குத் தொண்டையில் புற்றுநோய். எங்கள் ஊரில் கோபால்ட் மெஷின்தான் இருக்கிறது. 10 நாள் முடிந்துவிட்டது. மின்சாரத்தில் கதிரை உருவாக்கும் லினாக் மெஷின் இருக்கும் ஊருக்கு மாற்றலாமா?

ப: பாதியில் மாற்றாதீர்கள் என்பதுதான் என் முதல் பதில். புது இடத்தில் மறுபடி ஸ்கேன், தலையை அசையாமல் பிடிக்கும் மாஸ்க், பிளானிங் என்று நாட்கள் ஓடும். தலை, கழுத்துப் புற்றுநோயில் அந்த இடைவெளிக்குள் கட்டி மீண்டும் வளரத் தொடங்கும்.

ஆனால் ஆரம்பத்திலேயே கேட்டிருந்தால், இந்த நோய்க்கு லினாக் நல்லது என்றுதான் சொல்லியிருப்பேன். கதிரைக் கட்டியின் வடிவத்துக்கு ஏற்ப அமைத்து உமிழ்நீர்ச் சுரப்பியைக் காப்பாற்ற முடியும். கோபால்ட் கதிரின் ஓரம் அவ்வளவு கூர்மையாக இருக்காது. அதற்காகக் கோபால்ட்டை மட்டமாகப் பேசவும் மாட்டேன். எலும்பில் பரவிய புற்றுநோயின் வலிக்கு அது போதும், பராமரிப்பும் எளிது. பாபா அணு ஆராய்ச்சி மையம் பாபாட்ரான் என்ற கோபால்ட் மெஷினை உருவாக்கியதற்கு இப்படி எளிய மெஷின் தேவைப்பட்டதும் ஒரு காரணம். ஒரு குறை, மெஷினுக்குள் கதிர் தரும் சோர்ஸான கோபால்ட்-60இன் அரை ஆயுள், அதாவது வீரியம் பாதியாகும் காலம், 5.27 வருடம். மாதத்துக்குச் சுமார் 1 சதவீதம் வீரியம் குறையும். சோர்ஸ் பழசாக ஆக, நோயாளி மேஜையில் படுத்திருக்கும் நேரம் கூடும்.

கே: காலையில் நாங்கள் வெளியே காத்திருக்க, உள்ளே மெஷினோடு என்னதான் செய்கிறீர்கள்?

ப: அளக்கிறோம். கதிரின் அளவு வழக்கமான மதிப்பிலிருந்து 3 சதவீதத்துக்கு மேல் விலகினால் அன்று சிகிச்சை தொடங்காது. நோயாளி படுக்க வேண்டிய இடத்தைக் காட்டும் லேசர் சரியாக விழுகிறதா, கதவைத் திறந்தால் கதிர் நிற்கிறதா, கேமரா வேலை செய்கிறதா, எல்லாம் பார்க்க வேண்டும். 1985 முதல் 87 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் தெராக்-25 என்ற மெஷின் ஆறு பேருக்கு அளவுக்கு மீறிக் கதிர் கொடுத்தது, சிலர் இறந்தார்கள். பழைய மாடல்களில் இருந்த வன்பொருள் பூட்டுகளை எடுத்துவிட்டு சாஃப்ட்வேரை மட்டும் நம்பியிருந்தார்கள். அதனால் அரை மணி நேரம் தாமதமானால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கே: மகள் பி.எஸ்சி. இயற்பியல் படிக்கிறாள். உங்கள் வேலைக்கு எப்படி வருவது?

ப: எம்.எஸ்சி. மருத்துவ இயற்பியல் ஒரு வழி, அண்ணா பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. எம்.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு, பாபா மையத்தில் கதிரியல் இயற்பியல் டிப்ளமோ படிப்பது இன்னொரு வழி. அப்புறம் ஒரு வருடம் மருத்துவமனையில் இன்டர்ன்ஷிப். அதை நோயாளிகள் நிறைய வரும் இடத்தில் செய்யச் சொல்லுங்கள். புத்தகத்தில் இல்லாத பிளானிங் சிக்கல்கள் அங்கேதான் வரும்.

கே: புதிதாக டெக்னாலஜிஸ்ட்டாகச் சேர்ந்திருக்கிறேன். லினாக் அறையில் ஈய ஏப்ரன் தரவில்லையே?

ப: அந்தச் சக்திக்கு ஏப்ரன் தாங்காது. உங்களைக் காப்பது கான்கிரீட் சுவரும் கதவும்தான். நீங்கள் வாங்கும் கதிரை அளக்கும் பேட்ஜை மட்டும் மறக்காமல் போடுங்கள். டிராயரில் வைத்தால் டிராயர் வாங்கிய கதிரின் கணக்குதான் வரும்.