ஃபிளஷ் டிரா கையில் இருந்தால் எப்போது ரெய்ஸ், எப்போது கால்?

கேள்வி: கலிபோர்னியாவில் சான் ஹோசே பக்கம் வசிக்கிறேன். வார இறுதியில் கார்டு ரூமில் 4/8 டாலர் லிமிட் ஹோல்டெம் போக்கர் (பெட், அதாவது பந்தயம், முதல் இரண்டு சுற்றில் 4 டாலர், கடைசி இரண்டில் 8 டாலர்) ஆடுவேன். போன வாரம் என் கையில் ஹார்ட்டின் ராஜா, ஹார்ட்டின் 10. ஃபிளாப்பில் (எல்லோருக்கும் பொதுவாக நடுவில் திறக்கும் முதல் மூன்று சீட்டில்) ஹார்ட்டின் ஏஸ், ஹார்ட்டின் 7, இஸ்பேடு 2. ஐந்து பேர் உள்ளே இருந்தோம். ஸ்மால் பிளைண்டில் (ஃபிளாப்பில் முதல் முறை வரும் நாற்காலி) இருந்தவர் பெட் செய்தார், எல்லோரும் அதே தொகையைப் போட்டுக் கால் செய்தார்கள், பட்டனில் (கடைசி முறை வரும் நாற்காலி) இருந்த நானும் கால் செய்தேன். ரெய்ஸ் செய்து பந்தயத்தை உயர்த்தியிருக்க வேண்டும் என்கிறார் நண்பர். "இன்னும் ஒரு ஜோடி கூட இல்லாத கையில் எதற்கு ரெய்ஸ்?" என்று எனக்குத் தோன்றுகிறது. யார் சொல்வது சரி?

பதில்: அந்த இடத்தில் உங்கள் நண்பர் சொல்வதுதான் சரி. ஆனால் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தால் அதே சீட்டுகளுக்கு நீங்கள் செய்த கால்தான் சரியாக இருந்திருக்கும். டிராவில், அதாவது இன்னும் ஒரு சீட்டு வந்தால் முழுமையாகும் கையில், அடித்து ஆடுவதா, அடங்கி ஆடுவதா என்பதை முடிவு செய்வது கையின் அழகு மட்டும் இல்லை. எத்தனை பேர் பணம் போடப் போகிறார்கள், பெட் செய்பவர் உங்களுக்கு எந்தப் பக்கம் இருக்கிறார் என்ற இரண்டும்தான் பெரும்பாலும் தீர்மானிக்கும்.

முதலில் கணக்கு. உங்களுக்குத் தெரியாத சீட்டுகள் 47. அதில் 9 ஹார்ட்டின். டர்ன், ரிவர் என்ற நான்காம், ஐந்தாம் பொதுச் சீட்டுகள் இரண்டையும் பார்த்தால் ஃபிளஷ் (ஒரே ஜாதியில் ஐந்து சீட்டு) அமைய நூற்றுக்கு 35 வாய்ப்பு. போர்டில் (நடுவில் திறந்திருக்கும் சீட்டுகளில்) ஜோடி விழுந்து ஒருவருக்கு ஃபிளஷை வெல்லும் ஃபுல் ஹவுஸ் அமைவது போன்ற விபத்துகளுக்குக் கொஞ்சம் கழித்துவிட்டு, மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ரெய்ஸ் செய்தால் ஐந்து பேரும் ஆளுக்கு இன்னொரு 4 டாலர் போடுவார்கள். ஏற்கெனவே ஒரு பெட் போட்டவர்கள் இன்னொரு 4 டாலருக்காகச் சீட்டைக் கவிழ்ப்பது 4/8 டேபிளில் அபூர்வம். புதிதாக உள்ளே வரும் 20 டாலரில் உங்கள் பங்கு ஆறரை டாலருக்கு மேல், நீங்கள் போட்டது 4 டாலர். இப்போதைக்கு உங்களிடம் ஜோடி இல்லைதான். ஆனாலும் இந்த 20 டாலரில் நீங்கள் போடுவது ஐந்தில் ஒரு பங்கு, உங்களுக்குச் சேருவது மூன்றில் ஒரு பங்கு. யாருமே ஃபோல்டு செய்யாவிட்டாலும் (சீட்டைக் கவிழ்க்காவிட்டாலும்) இந்த ரெய்ஸ் லாபம். சொல்லப்போனால், யாரும் ஃபோல்டு செய்யக் கூடாது.

இப்போது நாற்காலியை மாற்றுவோம். அதே கை, அதே ஃபிளாப், நீங்கள் ஸ்மால் பிளைண்டுக்கு அடுத்த நாற்காலியான பிக் பிளைண்டில். ஸ்மால் பிளைண்ட் பெட் செய்கிறார், அடுத்து உங்கள் முறை. உங்களுக்குப் பின்னால் மூன்று பேர் காத்திருக்கிறார்கள். இப்போது ரெய்ஸ் செய்தால் அவர்கள் 4 டாலருக்குப் பதில் ஒரே மூச்சில் 8 டாலர் போட வேண்டும். 7-ல் ஒரு ஜோடி, சும்மா ஒரு ராணி என்று வைத்திருப்பவர்கள் கிளம்பிவிடுவார்கள். மிஞ்சுவது பெட் செய்த ஒருவர், அவரிடம் அனேகமாக ஏஸ் இருக்கும், அவர் எங்கும் போகப் போவதில்லை. ஆக, போடும் பணத்தில் பாதி உங்களுடையது, திரும்ப வரும் பங்கு மூன்றில் ஒன்று. உங்களுக்குப் பணம் கட்டியிருக்க வேண்டிய மூன்று பேரை நீங்களே வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டீர்கள். இங்கே பேசாமல் கால் செய்யுங்கள், கூட்டம் பின்னால் வரட்டும்.

இதைத்தான் நான் மறுபடி மறுபடி வலியுறுத்துவேன். பெட் வரப்போகும் திசையை முன்கூட்டியே யோசித்துவிட்டால் செக் செய்வதா (பணம் போடாமல் முறையைக் கடத்துவதா), நாமே பெட் செய்வதா என்பதும் தெளிவாகிவிடும். ஃபிளாப்புக்கு முன் ரெய்ஸ் செய்தவர் உங்களுக்கு உடனடி இடது பக்கம் இருந்தால், செக் செய்யுங்கள். அவர் பெட் செய்வார், மற்றவர்கள் வரிசையாகக் கால் செய்வார்கள், கடைசியில் முறை உங்களிடம் திரும்பி வரும்போது ரெய்ஸ் செய்தால் அத்தனை பேரும் நடுவில் மாட்டுவார்கள். அதே ஆள் பட்டனில் இருக்கிறார், நீங்கள் ஸ்மால் பிளைண்டில் என்றால் நிலைமை தலைகீழ். செக்-ரெய்ஸ் செய்தால் நடுவில் இருப்பவர்கள் மீது இரண்டு பெட் ஒன்றாக விழும், ஓடிவிடுவார்கள். அதனால் நீங்களே பெட் செய்யுங்கள். நடுவில் இருப்பவர்கள் கால் செய்வார்கள், பட்டன் ரெய்ஸ் செய்வார், ஏற்கெனவே கால் வைத்துவிட்டவர்கள் தொடர்ந்து வருவார்கள். அப்புறம் நீங்கள் இன்னொரு ரெய்ஸ் போடலாம்.

டர்ன் வந்ததும் கதை மாறுகிறது. கிளாவர் 5 போல ஒன்றுக்கும் உதவாத சீட்டு விழுந்தால், மீதி 46 சீட்டில் உங்களுக்கு 9. ஐந்தில் ஒரு வாய்ப்புகூட முழுசாக இல்லை, பெட்டோ இரட்டிப்பாகி 8 டாலர். நான்கு பேர் எதிரில் இருந்தாலும் பங்கும் செலவும் கிட்டத்தட்டச் சமம்தான், ரெய்ஸில் லாபம் கிடையாது. ஆனால் கால் செய்யத் தயங்க வேண்டாம். ஃபிளாப்புக்கு முன் ஆளுக்கு 4 டாலர் வந்திருந்து, ஃபிளாப்பில் ரெய்ஸும் போட்டிருந்தால், நடுவில் சேர்ந்த பணம், அதாவது பாட், 60 டாலர் இருக்கும், ஒருவர் 8 பெட் செய்தால் 68 டாலருக்காக நீங்கள் 8 போடுகிறீர்கள். போடும் ஒரு டாலருக்கு நாலு டாலர் கிடைத்தாலே அனேகமாகப் போதும், உங்களுக்கு எட்டுக்கு மேல் கிடைக்கிறது.

பட்டனில் ரெய்ஸ் செய்வதற்கு இன்னொரு பலன் இங்கேதான் வருகிறது. ஃபிளாப்பில் ரெய்ஸ் செய்தவரைப் பார்த்து டர்னில் பலரும் செக் செய்துவிடுவார்கள். ஹார்ட்டின் வந்தால் பெட் செய்யுங்கள், வராவிட்டால் நீங்களும் செக் செய்து ரிவரைச் சும்மா பாருங்கள். ஃபிளாப்பில் கூடுதலாகப் போட்டது 4 டாலர், டர்னில் மிச்சமானது 8 டாலர். எதிரில் இரண்டே பேர் இருக்கும்போது ரெய்ஸில் நேரடி லாபம் அனேகமாக இல்லை, இந்த இலவச சீட்டுக்காகத்தான் அங்கே ரெய்ஸ். உங்களை மறுபடி ரெய்ஸ் செய்கிறவர்களும், டர்னில் தாங்களே பெட் செய்கிறவர்களும் எதிரில் இருந்தால் இது பலிக்காது.

எதிரில் ஒரே ஒருவர் என்றால் காரணமே வேறு. அவர் ஃபோல்டு செய்யக்கூடும் என்பதுதான் அங்கே லாபம், அதைத்தான் செமி பிளஃப் என்கிறோம். டர்னில் பாட் 40 டாலர், உங்களிடம் ஐந்தில் ஒரு வாய்ப்பு, அவர் செக் செய்கிறார். ரிவர் பெட்டுகளை விட்டுவிட்டுப் பார்த்தால், அவர் ஏழெட்டுத் தடவைக்கு ஒரு தடவை ஃபோல்டு செய்தாலே, சும்மா செக் செய்வதைவிட 8 டாலர் பெட் செய்வது மேல். ஏஸ் இருக்கும் போர்டில் 9-ல் ஜோடி வைத்திருப்பவர் அதைவிட அதிகமாகவே ஃபோல்டு செய்யலாம். ரிவர் வரை எதையும் விடாமல் கால் செய்யும் ஆளிடம் இந்தக் கணக்கு எடுபடாது, அவரிடம் செக் செய்யுங்கள். ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தின் செஃபியஸ் என்ற புரோகிராம் 2015-ல் லிமிட் ஹோல்டெமைத் தீர்த்துவிட்டது என்று டேபிளில் யாராவது உதாரணம் காட்டினால், அது இருவர் மட்டும் ஆடும் ஆட்டத்துக்கு என்பதை நினைவில் வையுங்கள். ஐந்து பேர் கால் செய்யும் டேபிளுக்கு அதை அப்படியே கொண்டுவர முடியாது.

கையின் தரத்தையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். உங்கள் ராஜா, ஏஸ் போர்டில் இருப்பதால், மிகப் பெரிய ஃபிளஷுக்கான டிரா. அதே இடத்தில் ஹார்ட்டின் 6-5 என்றால், கூட்டம் பெருகப் பெருகப் பெரிய ஹார்ட்டின் இன்னொருவரிடம் இருக்கும் ஆபத்தும் பெருகும். ஒரு ரெய்ஸோடு நிறுத்திக்கொள்வது நல்லது. மாறாக, ஹார்ட்டின் ராணி-ஜாக்கி கையில், ஃபிளாப்பில் ஹார்ட்டின் 10, கிளாவர் 9, ஹார்ட்டின் 3 என்றால் ஃபிளஷுக்கு 9, ஸ்ட்ரெய்ட்டுக்கு (வரிசையாக ஐந்து சீட்டு) மேலும் 6, மொத்தம் 15 சீட்டு உங்களுக்கு உதவும். நூற்றுக்கு 54 வாய்ப்பு. ஒரு ஜோடி வைத்திருக்கும் ஒரே ஆள் எதிரில் இருந்தாலும் நீங்கள்தான் முன்னிலை. இந்தக் கைக்கு நாற்காலியும் பார்க்க வேண்டாம், ஆள் கணக்கும் வேண்டாம். ஃபிளாப்பில் ரெய்ஸ் செய்யுங்கள்.

கடைசியாக, உங்கள் ராஜா-10 கையில் பட்டனில் ரெய்ஸ் செய்த பிறகு ஸ்மால் பிளைண்ட் மறுபடி ரெய்ஸ் செய்தால் பயப்பட வேண்டாம். மற்ற மூவரும் கால் செய்து உள்ளேயே இருந்தால், டேபிள் அனுமதிக்கும் கடைசி ரெய்ஸ் வரை போடுங்கள், ஒவ்வொரு சுற்றும் உங்களுக்கு லாபம்தான். மூவரும் கழன்றுகொண்டு அவர் மட்டும் மிஞ்சினால், கால் செய்துவிட்டு டர்னைப் பாருங்கள்.